சாவிக்கொத்துத் தாளம்

மேஸ்திரிக்குப் பிடித்த பாட்டு என்று இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அறுபத்தெட்டு வயது வரைக்கும் அதை ஒரு குறையாக அவர் நினைத்ததும் இல்லை. ஆஸ்பத்திரியின் மூச்சுப் பயிற்சிக் கூடத்தில், பயிற்சி கொடுக்கிற பெண் பேனாவும் கையுமாக எதிரே வந்து உட்கார்ந்து, "உங்களுக்குப் பிடிச்ச பாட்டு நாலு சொல்லுங்க ஐயா, எழுதிக்கறேன்" என்று கேட்டபோதுதான் திருதிருவென்று முழித்தார்.

"பாட்டா? எதுக்கும்மா?"

"நடக்கறதுக்கு."

"காலாலதானம்மா நடக்கணும்? காதால எப்படி நடக்கறது?"

அவள் சிரித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். நுரையீரல் நாள்பட்டுக் கெட்டுப்போனவர்களுக்கு மூச்சு வாங்குவது ஒரு கஷ்டம். அந்த மூச்சின் சத்தத்தைத் தன் காதாலேயே கேட்டுப் பயப்படுவது இன்னொரு கஷ்டம். பயந்தால் இன்னும் வாங்கும். காதில் பாட்டு ஓடினால் அந்தச் சத்தம் அமுங்கிப்போகும், கால் தன்பாட்டுக்குத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும், நாலடி போகிறவர் எட்டடி போவார். முதல் வாரம் மெதுவான பாட்டு, போகப் போக வேகமான பாட்டு. வாரம் மூன்று நாள், எட்டு வாரம்.

"வேடிக்கைதான்" என்றார் மேஸ்திரி. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் அது வசவு என்று அர்த்தம்.

அவர் அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஐம்பத்து நான்கு படிகள். அவருடைய ஒரே மகள் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தாள். லிஃப்ட் கிடையாது. மனைவி போனதிலிருந்து மேஸ்திரி தரைத்தளத்தில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருந்தார். இரண்டு தடவை மூச்சடைத்து விழுந்து ஆம்புலன்ஸ் வந்ததும், வீட்டுக்காரர் கும்பிடு போட்டுக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். மகளுக்கு அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசை. ஜெராக்ஸ் கடை வைத்திருந்த மருமகன் நல்லவன்தான், ஆனால் நல்லவர்களுக்கும் முதுகு வலிக்கும். அவன் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் நாற்காலில உக்கார வச்சு மூணு மாடி தூக்க என்னால ஆகாது. உங்க கால்ல ஏறி வந்தீங்கன்னா இது உங்க வீடு. இல்லன்னா ஒரு நல்ல இல்லம் பாத்து வச்சிருக்கேன். விண்ணப்பம்கூட எழுதியாச்சு. கையெழுத்துதான் பாக்கி."

அந்த இல்லத்தை மேஸ்திரி ஒருதரம் போய்ப் பார்த்திருந்தார். ஒரே கூடத்தில் இருபது கட்டில். எல்லாக் கட்டிலும் வாசல் பக்கம் பார்த்துப் போட்டிருந்தது, ஆனால் அந்த வாசல் வழியாக யாரும் வருகிற மாதிரித் தெரியவில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்த நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பயம் என்கிற சமாச்சாரம் கைக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்கு உரியது என்பது அவருடைய எண்ணம்.

முப்பத்தோரு வருஷம் பீங்கான் தொழிற்சாலையில் இருந்தவர். கை கழுவும் தொட்டி, கோப்பை, தட்டு எல்லாம் அங்கே வார்ப்பார்கள். வார்த்துக் காய்ந்ததைச் சூளைக்கு அனுப்புமுன் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அந்தத் தேய்ப்புக் கூடத்தில் வெள்ளைத் தூசி எந்நேரமும் மூடுபனி போல நிற்கும். நாற்பது பெண்கள் பெஞ்ச் பெஞ்சாக உட்கார்ந்து தேய்ப்பார்கள். தேய்த்ததை ஆண்கள் நீளப் பலகையில் அடுக்கி, முன்னே ஒருவர் பின்னே ஒருவராகத் தோளில் வைத்துச் சூளைக்கு எடுத்துப் போவார்கள். இரண்டு பேர் காலும் ஒன்றாக விழாவிட்டால் பலகை ஆடும், சரக்கு உடையும்.

மேஸ்திரி வருமுன் அவர்கள் பாடிக்கொண்டுதான் நடந்தார்களாம். இவர் வந்த முதல் வாரமே பாட்டுக்குத் தடை போட்டார். "வாயத் தொறந்தா தூசி உள்ள போகும்டா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். பாட்டுக்குப் பதிலாகத் தன் இடுப்பில் கிடந்த சாவிக்கொத்தை எடுத்து இரும்புக் கம்பிமேல் தட்ட ஆரம்பித்தார். டக், டக், டக். அந்தத் தாளத்துக்குத்தான் நடக்க வேண்டும், தேய்க்க வேண்டும். சரக்கு அவசரமாக வேண்டும் என்றால் தட்டுகிற வேகம் ஏறும். பேச்சும் கூடாது. தண்ணீர் குடிக்கவோ ஒதுங்கவோ வேண்டுமென்றால், முடியவில்லை என்றால், கையைத் தூக்க வேண்டும், மேஸ்திரி தலையாட்ட வேண்டும். தலையாட்ட அவருக்கு மனமில்லாதபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். கை தூக்கியவர் தூக்கியபடியே இருந்துவிட்டுத் தானாக இறக்கிக்கொள்வார். பிடி கொடுக்காத எவனைப் பற்றிப் பேசினாலும் "அவன் மணி பாக்கறான்" என்று சொல்கிற வழக்கம் தொழிற்சாலையில் அப்படித்தான் வந்தது.

அந்தச் சாவிக்கொத்தில் சின்னச் சாவி ஒன்று உண்டு. மேஸ்திரியின் அறையிலிருந்த பச்சை அலமாரிக்கு உரியது. உள்ளே அட்டை அட்டையாக மாஸ்க். தூசி தடுக்கிற நல்ல மாஸ்க், கம்பெனி வாங்கிக் கொடுத்தது. ஆய்வுக்கு அதிகாரி வருகிற நாள் காலையில் ஆளுக்கு ஒன்று கொடுப்பார். சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார். மாஸ்க் போட்டால் மூச்சு முட்டும், மூச்சு முட்டினால் கை மந்தமாகும், கை மந்தமானால் தன் பெயர் கெடும் என்று அவருக்குக் கணக்கு. தூசி எவ்வளவு என்று எழுதுகிற பதிவேடும் அவர் கையில்தான் இருந்தது. அளவெடுக்கிற கருவியை வெளியே எடுத்ததே இல்லை. அதிகாரிக்குப் பிடித்த எண் இரண்டு என்று தெரிந்துகொண்டு, முப்பத்தோரு வருஷமும் இரண்டு, இரண்டு என்றே எழுதினார். நியாயமாகச் சொன்னால் அவரும் ஒருநாளும் மாஸ்க் போட்டதில்லை. தன் பொய்யைத் தானே நம்புகிறவர்களிடம் இருக்கிற ஒரே யோக்கியதை அது.

தொழிற்சாலையை மூடி ஏழு வருஷமாகிறது. கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். பூட்டு ஒன்றுகூட மிச்சமில்லை. பதினொரு சாவி மட்டும் இன்னமும் அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

பயிற்சிக் கூடத்தில் அவரோடு இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். முதல் நாள் பக்கத்து டிரெட்மில்லில் ஒல்லியாக, தோள் எலும்பு சட்டையைக் குத்த, ஒருவர் ஆமை வேகத்தில் நடந்துகொண்டிருந்தார். காதில் ஹெட்போன். உதடு மட்டும் அசைந்தது. சத்தம் இல்லை, சத்தத்துக்கு மூச்சு இல்லை.

"மேஸ்திரி" என்றார் அவர், ஒரு காதுப் பக்கம் அதை விலக்கிவிட்டு.

"யாருப்பா?"

"நீங்க வச்ச பேருதான். ரேடியோ."

அப்போதுதான் மேஸ்திரிக்கு விளங்கியது. பலகை சுமக்கிற கூட்டத்தில் வாய் ஓயாமல் பாடிக்கொண்டிருந்தவன். "அந்த ரேடியோவ நிறுத்துங்கடா" என்று இவர் கத்தியதில் அந்தப் பெயரே நிலைத்தது. தடைக்குப் பிறகும் முணுமுணுத்தான் என்று எத்தனையோ தடவை வெயிலில் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார். ஒரு காலத்தில் பலகையைத் தனியாளாகத் தூக்கியவன், இப்போது ஹெட்போனின் கனத்துக்கே தலை சாய்ந்து நின்றான்.

"இங்க எல்லாம் பாடச் சொல்றாங்க மேஸ்திரி. பாத்தீங்களா கூத்த?" என்றார் ரேடியோ. மேஸ்திரி சிரிக்கவில்லை.

நடந்து முடித்ததும் ஒவ்வொருவரும் ஓர் எண் சொல்ல வேண்டும். சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்தது. மூச்சே வாங்கவில்லை என்றால் பூஜ்யம். இதற்குமேல் உயிர் தாங்காது என்றால் பத்து. ரேடியோ ஒவ்வொரு நாளும் உள்ளதை உள்ளபடி "அஞ்சு", "அஞ்சர" என்பார். மேஸ்திரி உதடு நீலம் பாரித்து நின்றாலும் "ரெண்டு" என்பார். ஆக்சிஜன் அளக்க விரலில் மாட்டிய கிளிப் ஒன்று சொல்ல, வாய் வேறொன்று சொல்ல, அந்தப் பெண் புருவத்தைச் சுருக்குவாள். ஆனாலும் எழுதிக்கொள்வாள். நோயாளி சொல்வதை எழுதத்தான் அந்தக் கட்டம்.

பாட்டு மட்டும் அவருக்கு ஒட்டவே இல்லை. அந்தப் பெண்ணும் சளைக்காமல் பழைய பாட்டு, புதுப் பாட்டு, வெறும் வாத்தியம் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். காதில் ஏதோ ஈ நுழைந்த மாதிரி அவர் தலையை உதறினார். மற்ற ஐந்து பேரும் வாரத்துக்கு வாரம் தூரம் கூட்டிக்கொண்டு போக, இவர் நூறு அடியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். மூன்றாவது வார முடிவில் அவள் தயங்கித் தயங்கி, "ஐயா, மூணு மாடி கஷ்டம்னு தோணுது" என்றாள். மேஸ்திரிக்கு அந்த இருபது கட்டில் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வந்த கோபத்தில் ஹெட்போனைக் கழற்றி எறிந்தார்.

ரேடியோ நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நடக்கும்போது இடிக்கிறதென்று மேஸ்திரி சாவிக்கொத்தைப் பக்கத்து நாற்காலியில் கழற்றி வைத்திருந்தார். ரேடியோ அதை எடுத்தார். சுவரோரம் பிடிமானத்துக்காக ஓடிய இரும்புக் கம்பியில் தட்டினார்.

டக். டக். டக்.

மேஸ்திரியின் கால் நகர்ந்தது. அவர் நகர்த்தவில்லை, அதுவாக நகர்ந்தது. முதுகு நிமிர்ந்தது. தட்டத் தட்டக் கால் விழுந்துகொண்டே போனது. இருநூறு அடி தாண்டியபோது அந்தப் பெண் வாயைப் பிளந்தாள்.

"இதுதானா உங்க பாட்டு!" என்று கைதட்டிச் சிரித்தாள். சின்னப் பெண், அவளுக்கென்ன தெரியும்? பாட்டு தெரியாத மனுஷனுக்குக்கூட உடம்புக்குள்ளே ஒரு பாட்டு ஒளிந்திருக்கிறது என்று பூரித்துப்போய்க் குறிப்பேட்டில் எழுதிவைத்தாள். முப்பத்தோரு வருஷம் பிறத்தியாரை அடித்து ஓட்டிய தாளம் அவருடைய காலிலும் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. தாளத்தை அவள் போனில் பதிவு பண்ணிக் கொடுத்தாள். தரையில் நடக்க அது போதும். படிக்கு உதவவில்லை. படியில் ஒன்பது அடிக்கு ஒரு திருப்பம். அங்கே நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி எடுக்க வேண்டும். போனுக்கு அது தெரியாமல் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டே போனது. அவள் தட்டிப் பார்த்தாள், வேகம் பிசகியது. ரேடியோ தட்டினால் மட்டும் மேஸ்திரியின் முதுகைப் பார்த்தே எங்கே நிறுத்த வேண்டும், எங்கே எடுக்க வேண்டும் என்று கச்சிதமாக விழுந்தது. ஆஸ்பத்திரிப் படியில் அப்படிப் பதினெட்டு ஏறினார், இருபத்தேழு ஏறினார். ஏழாவது வாரம் முப்பத்தாறு.

"வீட்டுப் படிலயும் அவரே வந்து தட்டட்டும். நான் வந்து அளந்து எழுதறேன்" என்றாள் அந்தப் பெண். "ஆனா ரேடியோ ஐயா, நீங்க கீழ உக்காந்துதான் தட்டணும். ஏறக் கூடாது. உங்க நுரையீரல் இவருத விட மோசம்."

"கம்பி மேல வரைக்கும் போகுதில்ல? சத்தம் அதுல ஏறிடும்மா" என்றார் ரேடியோ.

சத்தம் ஏறும் என்றாரே தவிர, வருகிறேன் என்று ரேடியோ இன்னும் சொல்லவில்லை. அதற்கு முந்தின நாள்தான் மேஸ்திரியின் மகள் வெளியே காத்திருப்பவர்களிடம் பேசிக்கொண்டிருந்ததை ரேடியோ கேட்டிருந்தார். "எங்கப்பா தொழிலாளிங்களுக்காகத் தூசில நின்னு நின்னே உடம்பக் கெடுத்துக்கிட்டாரு. தங்கமான மனுஷன்" என்று அவள் கண்கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பயிற்சி முடிந்து இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ரேடியோ பேச்சை எடுத்தார்.

"என் வீட்டுக்காரிய ஞாபகம் இருக்கா மேஸ்திரி?"

"எந்த பெஞ்ச்?"

"மூணு."

"மூணாவது பெஞ்ச்ல பன்னெண்டு பேருடா."

"ஓரத்துல. ஜன்னல் பக்கம். கடைசி வருஷம் பூரா இருமிக்கிட்டே இருப்பா. ஒரு மாஸ்க் கேட்டு வந்தா, நீங்க தரல. ஒருநாள் முடியலன்னு கை தூக்கினா. நீங்க மணி பாத்தீங்க."

மேஸ்திரி உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். எத்தனையோ கை தூக்கியிருக்கிறது. எந்த முகமும் தட்டுப்படவில்லை. "ஞாபகம் இல்லடா" என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன சில உண்மைகளில் அது ஒன்று. அதைக் கேட்டு ரேடியோவின் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. மனைவியைப் பறிகொடுத்தது ஒரு வலி. பறித்த கைக்கு அந்த முகமே ஞாபகமில்லை என்பது அதைவிடப் பெரிய வலி.

ரேடியோ கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். பிறகு சொன்னார். "நான் வரேன். ஒண்ணே ஒண்ணு செய்யணும். மேல ஏறினதும் உங்க பொண்ணு கிட்ட, அந்தப் பச்ச அலமாரில என்ன இருந்துச்சுன்னு உங்க வாயால சொல்லணும். அவ்வளவுதான்."

"சொல்லி என்னடா ஆகப் போகுது? செத்தவங்க எழுந்து வரவா போறாங்க?"

"எனக்கு ஆகும் மேஸ்திரி. ஒரே ஒரு ஆளுக்காவது தெரிஞ்சுதுன்னு நான் நிம்மதியாப் போயிடுவேன்."

மேஸ்திரி இருபது கட்டிலை நினைத்தார். மகளின் முகத்தையும் நினைத்தார். ஐம்பத்து நான்காவது படிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. "சரிடா. மேல போனதும் சொல்றேன்" என்றார்.

எட்டாவது வாரம், சனிக்கிழமை காலை. கட்டடத்தின் அடியில் நாலு பேரும் கூடினார்கள். மருமகன் மேலே வாசலில் நின்றுகொண்டான். உட்காரக் கூடாது, யாரும் பிடித்துத் தூக்கக் கூடாது, அது அவனுடைய நிபந்தனை. அந்தப் பெண்ணுக்கும் ஒரு விதி இருந்தது. மேலே போய் நின்றதும் ஒரு நிமிஷத்துக்குள் கிளிப்பில் காட்டுவதையும் அவர் சொல்லும் எண்ணையும் எழுத வேண்டும். அந்த நிமிஷம் தவறினால் பரிசோதனை செல்லாது, இன்னொரு நாள் முதலிலிருந்து ஏற வேண்டும். தனக்குள் இன்னொரு ஏற்றம் இல்லை என்பது மேஸ்திரிக்கு நன்றாகவே தெரியும்.

ரேடியோவுக்குப் படியடியில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். மேஸ்திரி சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொடுத்தார். ரேடியோ மகளைக் கூப்பிட்டு, "மேல போனதும் உங்கப்பா உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லுவாரும்மா. நல்லாக் கேட்டுக்க" என்றார். "என்னப்பா அது?" என்று அவள் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் மேலே நின்றாள்.

டக். டக். டக்.

முதல் ஒன்பது சுலபமாகப் போனது. திருப்பத்தில் தாளம் நின்றது, மேஸ்திரி மூச்சு விட்டார், தாளம் எடுத்தது. பதினெட்டு. மேலேயிருந்து மகள் "அவ்வளவுதாம்பா, வந்துட்டீங்க" என்று பொய் சொன்னாள். அந்தப் பெண் அவருக்குப் பக்கவாட்டில், விரலில் இருந்த கிளிப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஏறினாள். இருபத்திரண்டாவது படியில் கால் வைத்தபோது, கீழே யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள்.

கட்டடம் முழுக்க அதிர்ந்தது. தாளம் காணாமல் போனது. மேஸ்திரியின் கால் அந்தரத்தில் நின்றது. மோட்டார் இரைச்சலுக்குள்ளேயும் தன் மூச்சின் விசில் சத்தம் தனக்கே கேட்டது. அதோடு பயமும் வந்தது. "ஐயா, நின்னுக்கலாமா?" என்று அந்தப் பெண் காதருகே கத்தினாள். அவர் கம்பியை இறுக்கிப் பிடித்தார்.

கம்பி அதிர்ந்தது. காதுக்கு முன்னால் கைக்குத் தெரிந்தது. டக். டக். வரவரப் பலமாக. ரேடியோ ஏறி வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வளைவு பின்னால், யார் கண்ணிலும் படாமல். அந்தப் பெண் அவர் கீழிருந்தே ஓங்கி அடிக்கிறார் என்று நினைத்தாள். மேஸ்திரிக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் "வேண்டாம்டா, உக்காரு" என்று சொல்லவில்லை. சொல்ல மூச்சு இல்லை என்பது ஒரு பாதி. மூச்சு இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

முப்பத்தாறு தாண்டியது. நாற்பதில் ஒரு தாளம் தப்பியது, பிறகு வந்தது. நாற்பத்தைந்தில் இரண்டு தப்பியது. நாற்பத்தெட்டுக்கப்புறம் அது தாளமாகவே இல்லை, கைநழுவிக் கைநழுவி விழுகிற அடியாக இருந்தது. ஐம்பத்திரண்டில் நின்றே போனது. மிச்சம் இரண்டு படியை மேஸ்திரி வந்த வேகத்திலேயே தாண்டி, மேலே போய்க் கைப்பிடியில் சாய்ந்தார்.

மகள் கைதட்டினாள். மருமகன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "சரி மாமா. ஜெயிச்சுட்டீங்க" என்றான். அந்தப் பெண் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, படிக்கு முதுகு காட்டிக் கடிகாரம் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

கைப்பிடிக்கு மேலாகக் கீழே பார்க்க மேஸ்திரியால் மட்டும் முடிந்தது. ஒரு திருப்பம் கீழே ரேடியோ சரிந்து உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்து காலடியில் கிடந்தது. வாய் மீன் மாதிரித் திறந்து திறந்து மூடியது. கூப்பிடக் குரல் இல்லை. அண்ணாந்து மேஸ்திரியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே மெல்ல வலது கையைத் தூக்கினார்.

அதற்கு அர்த்தம் மேஸ்திரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும், அந்தப் பெண் பாய்ந்து இறங்கியிருப்பாள். ஆனால் அந்த நிமிஷம் போய்விடும். எண் எழுதாமல் போய்விடும். ரேடியோ எழுந்து வந்தால் பச்சை அலமாரியும் கூடவே வரும்.

திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்தின் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. மேஸ்திரி அதைப் பார்த்தார். பத்து நாற்பது.

"ஐயா, எண் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண்.

மேஸ்திரி இரண்டு விரலைக் காட்டினார். அவள் எழுதிக்கொண்டாள்.

மோட்டார் சத்தம் தாங்கவில்லை என்று மருமகன் எல்லாரையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினான். மகள் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துச் சூடாகத் தண்ணீர் கொடுத்தாள். அந்தப் பெண் தாளில் மீதிக் கட்டங்களை நிரப்பினாள். கையெழுத்து வாங்கினாள். மோட்டார் நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ரேடியோ ஐயா பாவம், கீழ தனியா உக்காந்திருப்பாரு. போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று கதவைத் திறந்துகொண்டு போனாள்.

ஒன்பது படிதான் இறங்கியிருப்பாள். அவள் போட்ட சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. மருமகன் ஓடினான். மார்பை அழுத்தினார்கள், ஊதினார்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். ரேடியோ பதினைந்து நிமிஷத்துக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தார். தூக்கிய கை அப்போது மடியில் கிடந்தது, எப்போதும்போலத் தானாக இறங்கியிருந்தது. மாமனாரைத் தூக்க மாட்டேன் என்ற மருமகன்தான் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். கனமே இல்லை என்று பிற்பாடு சொன்னான்.

உள்ளே வந்த மகள் அப்பாவுக்கு எதிரே நின்றாள்.

"மேல நிக்கறப்ப நீங்க கீழ பாத்துக்கிட்டுதானப்பா இருந்தீங்க? அவரு தெரியலியா?"

"மணி பாத்தேம்மா" என்றார் மேஸ்திரி.

அந்தப் பயிற்சிப் பெண்ணை விசாரித்தார்கள். நோயாளியை வைத்து நோயாளிக்குத் தாளம் தட்ட வைத்தது யார் அனுமதியில் என்று கேட்டார்கள். அவள் அழுதாள். அவள் மேலும் தப்பு இல்லாமல் இல்லை, ஆனால் அவள் அழுத அளவுக்குத் தப்பு இல்லை. அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டு, கூடத்திலிருந்து ஹெட்போன்களை எல்லாம் எடுத்து ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த நாலு பேரும் இப்போது பாட்டில்லாமல்தான் நடக்கிறார்கள். அவரவர் மூச்சை அவரவர் கேட்டுக்கொண்டு, நூறு அடியில் பயந்து நின்றுவிடுகிறார்கள். மேஸ்திரியின் தாள் மட்டும் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. பயிற்சி வெற்றி, மூச்சிரைப்பு இரண்டு.

ஒரு வாரம் கழித்து மகள் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். படியில் கிடந்ததை யாரோ எடுத்துக் கொடுத்தார்களாம்.

"பாவம்ப்பா அவரு. மேல போனதும் நீங்க எங்கிட்ட ஏதோ சொல்லுவீங்கன்னாரே. என்னது அது?"

"ஒண்ணுமில்லம்மா. பழைய கதை."

அவள் சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். சின்னதாக ஒன்று தட்டுப்பட்டது. "இது எதோட சாவி?"

"ஒரு அலமாரிது."

"உள்ள என்ன வச்சிருந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. காலி அலமாரி."

சரி, கிடக்கட்டும் என்று அவள் அதைக் கதவின் உட்பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். மேஸ்திரிக்கு அவர் கேட்ட வீடு கிடைத்துவிட்டது. இறங்கினால் மறுபடி ஏற வேண்டும், ஏற்றிவிட ஆள் இல்லை, அதனால் அவர் கீழே இறங்குவதில்லை. கட்டிலில் படுத்தபடி கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மகள் காலையில் வேலைக்குப் போகும்போதும், மருமகன் கடைக்குப் போகும்போதும், சாயங்காலம் இருவரும் திரும்பும்போதும் கதவு ஆடும். ஆணியில் கிடக்கிற கொத்து பலகையில் மோதும். டக், டக், டக். போர்வைக்குள்ளே மேஸ்திரியின் கால் இரண்டும் அந்தத் தாளத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடும். நிறுத்தச் சொல்லி அவர் கையைத் தூக்குவார். அவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியாது.